ஹோல்டு போட்ட விடுதலை

1

இங்கிலாந்தில் இந்த லெஸ்டர் நகரத்துக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்றைக்கு, காலை ஷிஃப்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். திருப்பூரிலிருந்து என் தம்பி செந்தில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தான். தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று போட்டிருந்தது. சொந்தத்தில் யாரோ ஜாமீனில் வெளியே வருகிறார்கள் போலிருக்கிறது, அதற்கு என் கையெழுத்து எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்த்தால் விடுதலை செய்கிறவள் நான். எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்குள்ள பாதிப் பங்கை என் தம்பிக்கு 'விடுதலை செய்து கொடுக்கிறேன்' என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. கூடப்பிறந்த பெண் தன் பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுத்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஆங்கிலத்தில் ரிலீஸ் டீட். என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா தவறி, காரியத்துக்கு நான் போயிருந்தபோது, சாப்பாட்டுப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி நானேதான் சொன்னேன், ஊடு தம்பிக்கே இருக்கட்டும் என்று. அவன் அங்கேயே இருக்கிறான், பின்னால் இருக்கிற ஷெட்டில் பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறான். எனக்கு அந்த வீட்டில் ஆண்டுக்கு இரண்டு வாரம் படுக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். ஷெட்டின் தகரம் ஓட்டையாகி மழை ஒழுகுகிறது, பிரித்துவிட்டுக் கட்டடமாகக் கட்டவேண்டும், பிளான் அப்ரூவலுக்கு ஒரே பெயரில் பத்திரம் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இப்போது அனுப்பியிருந்தான்.

சொல்லும்போது இனித்தது. எழுத்தில் பார்த்தபோது இனிக்கவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

2

ரிலீஸ் என்ற வார்த்தையோடு எனக்குள்ள பழக்கம் கல்யாணத்துக்கும் முந்தையது. அதற்கு முன்னால் எல்லோரையும் போல எனக்கும் ரிலீஸ் என்றால் சினிமாதான். தீபாவளிக்கு எந்தப் படம் ரிலீஸ், முதல் நாள் யார் போகிறார்கள், அவ்வளவுதான். படிப்பு முடித்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பிறகுதான் அதற்கு வேறு ஒரு வாழ்க்கை இருப்பது தெரிந்தது.

மெர்ச்சண்டைசர் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. சரக்கெல்லாம் தைத்து, அயர்ன் செய்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிய பிறகு பையரின் ஆள் வந்து பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அப்புறம் பையர் ஆபீசில் இருக்கிற அம்மாவிடமிருந்து மெயில் வரும். அதில் ரிலீஸ் என்றிருந்தால் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும். ஹோல்டு என்றிருந்தால் கம்பெனியே கப்சிப். முதலாளி சட்டைப் பட்டனை ஒன்று கழற்றுவார். பேக்கிங் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் நிற்பார்கள். ஒரு பெட்டியைப் பிரித்தால் எல்லாப் பெட்டியையும் பிரிக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முதலாளி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். "ஏனுங்க சுமதி, ரிலீஸ் வந்துதுங்களா?" இல்லீங்க சார் என்பேன். "ஒரு மெயில் தட்டி உடுங்க, அந்தம்மாவுக்கு." நானும் தட்டிவிடுவேன். கனிவுடன் சரக்கை விடுவித்து உதவும்படி பணிவுடன் வேண்டுகிறோம் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு தடவை அவசரத்தில் 'கூட்ஸ்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, தயவுசெய்து எங்களை ரிலீஸ் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, 'யாரும் உங்களைப் பிடித்து வைக்கவில்லையே, சுமதி' என்று பதில் போட்டிருந்தார். கூடவே ரிலீஸும் வந்திருந்தது. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஆபீசில் ஒட்டி வைத்து ஒரு மாதம் கேலி செய்தார்கள்.

செந்திலின் கல்யாணமும் ஒரு ஹோல்டுக்கு நடுவில்தான் நடந்தது. எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால், அவனையும் அவன்கூடப் பிறந்தவளையும் ஒரு சேலையால் இணைத்துச் சீர் செய்வார்கள். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிடமாட்டேன் என்பது அதற்கு அர்த்தம். சேலையின் ஒரு தலைப்பு அவன் பக்கம், இன்னொரு தலைப்பு என் பக்கம். சுற்றி ஊரே நிற்கிறது. அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. முதலாளி. எடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு கையில் சேலை, ஒரு கையில் போன். "இல்லீங்க சார், இன்னும் ரிலீஸ் ஆகலீங்க" என்றேன். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த செந்தில் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். சீர் செய்துவைத்தவர், "யாரும்மா ரிலீஸு? சேலைய உட்டுராத" என்றார். அதற்கப்புறம் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. அம்மா மட்டும் கோபமாக இருந்தாள். அடுத்த வருடமே அவள் போய்விட்டாள்.

3

இங்கே நான் வேலை செய்வது ஒரு பெரிய துணிக் கிடங்கில். ஆன்லைனில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிற துணிகள் வந்து குவியும் இடம். ஒவ்வொன்றாகப் பிரித்து, கறை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா, சென்ட் வாசம் அடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். நன்றாக இருந்தால் திரையில் பச்சைப் பொத்தானைத் தட்டவேண்டும். பச்சைப் பொத்தானில் ரிலீஸ் என்று எழுதியிருக்கும், சிவப்பில் ஹோல்டு. முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வருடம் யாரோ ஒருத்தி தட்டுவாளா தட்டுவாளா என்று திருப்பூரில் உட்கார்ந்து காத்திருந்தேனே, அந்தப் பொத்தான் கடைசியில் என் கைக்கே வந்துவிட்டது.

நான் கண்டிப்பானவள் என்று பெயர். பிசிறு நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கை சிவப்புக்குப் போகும். ஆனால் டி-ஷர்ட்டைப் புரட்டி, உள்ளே இருக்கும் சின்ன லேபிளில் 'மேட் இன் இந்தியா' என்று பார்த்துவிட்டால், தையலைத் தடவிப் பார்ப்பேன். எந்த ஷெட்டில், எந்த வெயிலில், யார் மடியில் விழுந்து வந்ததோ என்று இருக்கும். அப்படியும் பிழை இருந்தால் சிவப்புதான். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

எங்கள் சூப்பர்வைசர் டேவ் நல்ல மனிதர். ஒரு நாள் மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டியிருந்தது. அவரிடம் போய், ஆங்கிலத்தில், என்னை மூன்று மணிக்கு ரிலீஸ் செய்யமுடியுமா என்று கேட்டேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்போம். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, இது ஜெயில் இல்லை, போவதென்றால் போகவேண்டியதுதான் என்றார். இன்றுவரைக்கும் சாயங்காலம் நான் பையை எடுத்தால் 'சுமதிக்கு விடுதலை' என்று அறிவிக்கிறார். இந்த ஊரில் ஒரு வார்த்தையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் அது நம் பட்டப்பெயராகிவிடும்.

பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்திருந்தது. அதை மகள் தாரிணிதான் முதலில் வாய்விட்டுப் படித்தாள். பதினான்கு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழில் சாப்பிடுவாள், தூங்கப் போவாள், அடம் பிடிப்பாள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்.

"அம்மா, யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு, நல்ல புத்தியோடு செய்கிறேன்னு ஏன் இத்தனை தடவை சொல்லணும்? உன்னை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

"அது அப்படித்தான் எழுதுவாங்க கண்ணு."

"இதுல யாரு ரிலீஸ் ஆகறாங்க? நீயா, வீடா?"

என் கணவர் பிரபு வெள்ளகோவில்காரர், இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். சாப்பிட்டுக்கொண்டே தலையைத் தூக்கி, "உங்க மாமனுக்கு விடுதலை குடுக்கறா. பதினேழு வருசமா நானும் அப்ளிகேசன் போட்டுட்டுத்தான் இருக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகற மாதிரித் தெரியல" என்றார். தாரிணிக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டது.

'இன்று முதல் எனக்கும் மேற்படி சொத்துக்கும் யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் இல்லை.'

மேற்படி சொத்து என்றால் எது? கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை அடுக்கி அதன்மேல் நானும் செந்திலும் படுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்த ஷெட். கரண்ட் போனால் ஷெட்டில் எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் நின்றுபோய், திடீரென்று அப்பாவின் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கும் கூடம். நான் பெரியவளானபோது உட்காரவைத்த அறை. தாரிணியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் புளிச்சாதம் கேட்டுக்கேட்டுத் தின்ற சமையல்கட்டு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து யாதொரு சம்பந்தமும் இல்லை என்று எழுதியிருந்தது. வடக்கே பொதுத்தடம், தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர் என்று எல்லையும் போட்டிருந்தது.

4

பத்திரத்தில் இனிஷியல் தவறாக இருந்தது. என் பாஸ்போர்ட்டில் இருப்பது கணவர் பெயரின் முதல் எழுத்து. பத்திரத்தில் அப்பா பெயரின் எழுத்தைப் போட்டிருந்தார்கள். இந்த ஒரு எழுத்துக்காக அலைந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் காலை, வேலைக்குப் போகும் அவசரத்தில், செந்திலுக்கு இரண்டே வரி அனுப்பினேன்.

'ஹோல்டு பண்ணு கண்ணு. அப்புறம் சொல்றேன்.'

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. வேலையாக இருப்பான் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் அவனே கூப்பிடுவான், கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் அவன் மனைவி கோமதியிடமிருந்து ஒரு குரல் செய்தி. கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

"நங்கையா, நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லாதீங்க. சரியாவே சாப்பிடறதில்லீங்க. மிஷின்ல உக்காந்தா உக்காந்தபடியே இருக்கறாரு. கேட்டா, அக்கா ஹோல்டு போட்டுட்டாங்கங்கறாரு. பங்கு வேணும்னா வாங்கிக்கட்டுமுங்க நங்கையா, அதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பேசாம மட்டும் இருந்துராதீங்க."

கிடங்கில் கழிவறைக்குப் பக்கத்தில் நின்று அதை மூன்று தடவை கேட்டேன். பிறகு டேவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து செந்திலை அழைத்தேன். எட்டாவது தடவை மணி அடித்தபோது எடுத்தான். பின்னால் ஓவர்லாக் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் கண்ணு, போனே எடுக்கறதில்ல?"

"என்னத்தப் பேசறதுங்க அக்கா. ஹோல்டுன்னு போட்டுட்டீங்க."

"டேய், நான் சொன்னது இனிஷியலுக்குடா. இனிஷியல் தப்பா இருக்குது, பாஸ்போர்ட்டுல வேற."

பின்னால் மிஷின் நின்றது. யாரையோ கைகாட்டி நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும்.

"இனிஷியலுக்குன்னா திருத்துன்னு போட்டிருப்பீங்க. ஹோல்டுன்னு போட மாட்டீங்க. நீங்க மெர்ச்சண்டைசருங்க அக்கா. எந்த வார்த்தைய எங்க போடறதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? இந்த ஊர்ல ஹோல்டுன்னா என்னன்னு எனக்குந் தெரியுமில்லீங்களா?"

கோபப்பட்டுத்தான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் கோபம் ஊருக்கே தெரிந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. ஒரு எழுத்துத் திருத்தத்துக்கு நான் என்றைக்கும் ஹோல்டு போட்டதில்லை. கரெக்‌ஷன் என்று போடுவேன், அமெண்ட் என்று போடுவேன். சரக்கையே அனுப்ப மனமில்லாதபோது போடுகிற வார்த்தை ஹோல்டு. கை தானாகத் தட்டிய வார்த்தை மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டது. ஒன்பது நாளாக நான் எனக்கே இனிஷியல் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்குது, பாத்தியா?" என்றேன்.

"எதுங்க?"

"யாதொரு சம்பந்தமும் இல்லைன்னு."

"அது பத்திரம் எழுதறவரு எல்லாத்துக்கும் போடற வரிங்க அக்கா. கம்ப்யூட்டர்லயே அடிச்சு வெச்சிருக்கறாரு. பேர மட்டும் மாத்துவாரு."

"எல்லாத்துக்கும் போடறதுதான். எனக்குப் போட்டா எனக்கு வலிக்குது."

அதோடு நிறுத்தவில்லை. நான் சொன்னேன். பங்கு வேண்டாம், ஒரு அடி நிலம்கூட வேண்டாம். ஆனால் நான் என்று ஒருத்தி அந்த வீட்டுக்கு யாரோ என்று என் கையாலேயே எழுதிக்கொடுக்கச் சொன்னால் எப்படி எழுதுவேன். அம்மா இல்லை, அப்பா இல்லை, இருக்கிறது அந்த ஊடும் நீயும்தான். நாளைக்கு அங்கே வந்து நின்றால் என்ன உரிமையில் நான் செருப்பைக் கழற்றுவேன். இதையெல்லாம் பார்க்கிங்கில் நின்று, லாரிகள் பின்னோக்கி வரும்போது கேட்கும் 'பீப்' சத்தத்துக்கு நடுவில், சத்தமாகத்தான் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

"அப்ப வேண்டாமுங்க அக்கா. தகரம் ஒழுகுனா ஒழுகிட்டுப் போவுது. இத்தன நாளு ஒழுகாமயா இருந்துது?"

"ஒழுகட்டும்னு நான் சொல்லலடா."

"நான் சொல்றேனுங்க. பத்திரமே வேண்டாம்."

"கிறுக்கா, பிளானுக்கு என்ன பண்ணுவ?" என்று திட்டினேன். அவன் சிரித்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த வரியை எடுக்கமுடியுமா என்று பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். போய்க் கேட்டான். அந்த வரி இல்லாமல் கொண்டுபோனால் பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். இனிஷியலை மட்டும் திருத்திக்கொடுத்தார். அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது.

பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது அந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. விடு என்பதிலிருந்துதான் வீடு வந்தது, அறம் பொருள் இன்பம் வீடு என்பதில் வரும் வீட்டுக்கு எல்லாவற்றையும் விடுவது என்று அர்த்தம், என்று. வகுப்பில் ஒருத்தி எழுந்து, "அதெல்லாம் வீட்டுக்குத்தானுங்க சார். எங்களுது ஊடுங்க" என்றாள். அவரே சிரித்துவிட்டார். படித்த தமிழில் வீட்டைச் சுலபமாக விட்டுவிடலாம் போலிருக்கிறது. எங்கள் பேச்சில் இருக்கிற ஊட்டை விடுவதற்கு வழியே வைக்கவில்லை.

5

நேரில் போகமுடியாததால், ஊரில் என் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை என் தாய்மாமனுக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்திடவேண்டும். ரயிலில் ஒரு மணி நேரம். இரண்டு சாட்சிகள், போட்டோக்கள், பாஸ்போர்ட் நகல், அந்த நகலுக்கு ஒரு நகல். பிரபு ஒரு சாட்சி, கூட வேலை செய்யும் குஜராத்திப் பெண் இன்னொரு சாட்சி. அந்தப் பெண் வழி முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள், உன் தம்பி உனக்கு என்ன கொடுத்தான் என்று. ஒன்றும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

டோக்கன் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளைஞர், வடக்கத்தியர். முதலில் இந்தியில் கேட்டார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். நீங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் இதைச் செய்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பத்திரத்தின் தமிழ்தான் நாக்கில் நின்றது. முழு மனதுடன் என்பதை 'வித் ஃபுல் மைண்ட்' என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நானே திருத்தி, 'யெஸ், மை ஓன் விஷ்' என்றேன்.

"ஃபுல் மைண்ட் இஸ் ஆல்சோ ஓகே, மேடம்" என்றார் அவர்.

முழு மனதா என்று யாராவது உண்மையிலேயே கேட்டிருந்தால், முக்கால் மனது என்று சொல்லியிருப்பேன். மிச்சம் கால் மனது அந்த வரியிலேயே நின்றது. கையெழுத்துப் போட்டேன். இடது பெருவிரலை மையில் அழுத்தி வைத்தேன். திரும்பி வரும் ரயிலில் பிரபு என் விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார், மை போகவில்லை. கேலி எதுவும் செய்யவில்லை. அது அவருக்கு அரிது.

மூன்று வாரம் கழித்து செந்தில் கூப்பிட்டான். "ரிஜிஸ்டர் ஆயிருச்சுங்க அக்கா" என்றான். ரிலீஸ் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவன் வேண்டுமென்றே தவிர்த்தான் என்று எனக்குத் தெரிந்தது. நானும் நல்லது கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு பேரும் அந்நியர்கள் பேசுவது மாதிரி அவ்வளவு மரியாதையாகப் பேசினோம். ஆடியில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எப்படிப் போய் நிற்பது என்றுதான் அப்புறம் எல்லா நாளும் யோசனை.

6

கோயம்புத்தூரில் இறங்கி, டாக்ஸி பிடித்து, பல்லடம் வழியாக வந்தோம். ஒரு தனியார் பேருந்து எங்களை இடிப்பது போல வந்து ஒதுங்கிப் போனது. தாரிணி கண்ணை மூடிக்கொண்டாள். பிரபு மட்டும், நல்லா ஓட்டறான் என்று டிரைவர் பார்வையில் பாராட்டினார். சனிக்கிழமை மதியம். எங்கள் சந்துக்குள் கார் வராது, முனையிலேயே இறங்கி நடந்தோம்.

ஷெட் இருந்த இடத்தில் பாதி எழும்பிய சுவரும் கம்பிகளும் நின்றன. மிஷின்களை எல்லாம் வீட்டின் முன்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே சத்தம். எப்போது வந்தாலும் பையைப் போட்டுவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு குடிப்பவள் நான். அன்று வாசல்படிக்கு வெளியே நின்றேன். கால் ஏறவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. பிரபு முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன், அவர் எனக்காக நின்றார்.

கோமதி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "வாங்க நங்கையா, வாங்க. வாங்கண்ணா. கண்ணு, வா சாமி." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். அந்த வீட்டில் எனக்கு யாரும் நாற்காலி துடைத்ததில்லை. உட்கார்ந்தேன். கண்ணாடி டம்ளரில் காபி வந்தது, தட்டில் பிஸ்கட்டும் மிக்ஸரும் வந்தன. எல்லாம் விருந்தாளிக்கு வரும் வரிசை. கோமதியின் மேல் குற்றமில்லை, அவள் அன்பாகத்தான் செய்தாள். எனக்குத்தான் ஒவ்வொன்றும் அந்த வரியைப் படித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. காபி நன்றாக இருக்கிறது என்றேன். பயணம் சௌகரியமா என்றாள். சௌகரியம் என்றேன். தாரிணி என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில், ஏம்மா இப்படி உட்கார்ந்திருக்கிறாய், இண்டர்வியூக்கு வந்த மாதிரி என்றாள்.

செந்தில் உள்ளேயிருந்து வந்தான். தலையெல்லாம் பஞ்சு. காதில் போன். "நாலு மணிக்கு வண்டி வரட்டுமுங்க, பீஸ் ரெடியாயிரும்" என்று யாரிடமோ பொய் சொல்லிக்கொண்டே வந்தவன் என்னைப் பார்த்து நின்றான். போனை வைத்தான். வாங்க என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்தான், துடைத்துப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"ஏனுங்க அக்கா, வந்ததும் வராததுமா காப்பியக் கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தா ஆகுங்களா? செக்கிங்குக்கு ரெண்டு பேரு வரல. நாலு மணிக்கு வண்டி."

சொல்லிக்கொண்டே ஒரு கட்டு டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். புதுச் சுடிதார் பூராவும் பஞ்சு ஒட்டியது. கோமதி, "ஐயோ, இப்பத்தான வந்தாங்க, பிளேன்ல வந்த அலுப்பு இருக்காதா?" என்று அவனை அதட்டினாள். "அலுப்பு என்ன அலுப்பு. அவங்களுக்குச் செக்கிங்கு தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தான். அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அழுவதைப் பார்த்திருப்பான்.

நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தாரிணியும் என்ன நினைத்தாளோ, பக்கத்தில் வந்து சம்மணம் போட்டாள். முதல் பீஸை உள்பக்கம் திருப்பி, தோள், கழுத்து, அக்குள் என்று விரலை ஓட்டிப் பார்த்து, நன்றாக இருந்ததால் அவளிடம் கொடுத்தேன். மடித்து அடுக்கினாள். இரண்டாவதும் சரி. மூன்றாவதில் அக்குள் மடிப்பில் தையல் விட்டுப்போய் விரல் நுழைந்தது. நான் தலையைத் தூக்கினேன்.

"செந்திலு, இத ஆரு தெச்சது? இத எப்பிடி உடறது?"

மிஷின் சத்தத்துக்கு மேல், முதுகைக் காட்டியபடியே, அவன் கத்தினான்.

"உங்க கண்ணுல பட்டா நீங்க உடமாட்டீங்களே!"

"உடமாட்டேன்" என்று சொல்லி அந்தப் பீஸைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தேன்.